இரண்டாம் சூது

தீமிதித் திருவிழாவை ஒருமுறையேனும் கண்டு வணங்காத இந்துக் குடும்பம் சிங்கப்பூரில் அரிது. ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்தில், தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பாக, விரதமிருந்த அன்பர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து நடந்து வந்து, சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் பூக்குழி இறங்குகிறார்கள். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பாரதச் சடங்குகள் தொடங்கிவிடுகின்றன. அம்மன் திருக்கல்யாணம், அரவான் களப்பலி, படுகளம் என்று ஒவ்வொன்றாக நடந்தேறிக் கடைசியில் தீமிதி வருகிறது.

இத்தனையும் திரௌபதை அம்மனுக்காக. அந்த அம்மன் பட்ட துயரம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்: சூதாட்டத்திலிருந்து. ஆனால் நம் உறவினர் ஒருவர் சூதாடிக் கடன்பட்டு நிற்கும்போது மட்டும் இந்தக் கதை நம் நினைவுக்கு வருவதில்லை. வெளியில் தெரியாமல் மூடி மறைக்கிறோம். நகையை விற்று அடைக்கிறோம். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறோம். அப்படி நிற்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அம்மனின் கதையிலேயே அவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சபையில் நடந்தது

முதற் சூதில் தருமர் பொன்னையும் மணியையும் தோற்றார். யானை, குதிரை, நாடு அனைத்தையும் தோற்றார். தம்பியரை ஒருவர் பின் ஒருவராக வைத்துத் தோற்றார். தம்மையே வைத்துத் தோற்றபின் பாஞ்சாலியை வைத்தார். தம்மை இழந்துவிட்ட ஒருவருக்கு என்னை வைக்க ஏது உரிமை என்று அவள் சபையில் எழுப்பிய வினாவுக்குப் பீஷ்மராலும் தெளிவாக விடை கூற இயலவில்லை. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம்.

கலங்கிப்போன திருதராட்டிரன் பாஞ்சாலியை அழைத்து வரம் கேட்கச் சொல்கிறான். வியாச பாரதத்தின் சபா பருவத்தில் உள்ளபடி, அவள் கேட்ட முதல் வரம் தருமரின் விடுதலை. தன் மகனை அடிமையின் மகன் என்று உலகம் ஏசிவிடக் கூடாதே என்பது அவளுடைய கவலை. இரண்டாம் வரம் மற்ற நால்வரின் விடுதலை, அவர்களுடைய தேரும் வில்லும் சேர்த்து. மூன்றாவது வரமும் கேள் என்று மன்னன் வற்புறுத்தியபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேராசை அறத்தை அழிக்கும். விடுதலை பெற்ற என் கணவன்மார் தங்கள் செயலால் நலத்தைத் தேடிக்கொள்வார்கள் என்பது அவள் தந்த விளக்கத்தின் கருத்து.

இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். அவள் கேட்டது விடுதலையும் தொழிற் கருவியும் மட்டுமே. தோற்ற பொருளை அவள் கேட்கவில்லை. யாரும் கேளாமலே அதை முழுவதும் தூக்கிக் கொடுத்தவன் திருதராட்டிரன். நடந்ததை மறந்துவிடுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள் என்று அனுப்பிவைத்தான். ஒரே நாளில் இழப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது.

தீர்ந்ததா? பாண்டவர் இந்திரப்பிரஸ்தம் போய்ச் சேரவேயில்லை. பாதி வழியில் தூதன் எதிர்ப்பட்டு, மீண்டும் ஆட அழைக்கிறார்கள் என்றான். தருமர் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாம் சூதின் பந்தயம். பெரியவர் அழைத்தால் மறுக்கலாகாது என்பது அவருடைய நெறி. அது வேறு செய்தி. தருமரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. நாம் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: இழப்பை வேறொருவர் ஒரே வீச்சில் துடைத்துக் கொடுத்தார், ஆட்டம் அன்றே மறுபடி தொடங்கியது.

நம் வீடுகளில் திருதராட்டிரன் வேடம் பூணுபவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலும் அம்மா, அக்காள், மாமனார். பிள்ளை காலில் விழுந்து அழுகிறான். இதுதான் கடைசி என்று அம்மன்மேல் சத்தியம் செய்கிறான். மனம் தாளாமல் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் பொய் சொன்னான் என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் அவன் உண்மையாகவே அழுகிறான். ஆனால் கடன் தீர்ந்த மறுநாள் அவனிடம் மிஞ்சுவது மூன்று: ஆடும் ஆசை அப்படியே இருக்கிறது, கடன் அட்டைகளின் வரம்பு முழுவதும் மறுபடி திறந்துகிடக்கிறது, மாட்டிக்கொண்டாலும் வீட்டார் மீட்டுவிடுவார்கள் என்னும் அனுபவம் ஒன்று புதிதாய்ச் சேர்ந்திருக்கிறது.

யாருடைய கடன்?

தந்தை பட்ட கடனை மகன் தீர்க்கவேண்டும் என்பது நம் தர்ம சாஸ்திரங்களின் பொது விதி. பலரும் அறியாத செய்தி, அந்த விதிக்கு அதே நூல்களில் உள்ள விலக்கு. சூதில் பட்ட கடனையும் குடியில் பட்ட கடனையும் மகன் தீர்க்கவேண்டியதில்லை என்று மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் அவ்வாறே கூறுகிறது. மனைவியைப் பொறுத்தவரை, அவள் தானே ஏற்றுக்கொண்ட கடன், கணவனுடன் சேர்ந்து வாங்கிய கடன், தானாக வாங்கிய கடன் இவை தவிர வேறெதையும் அவள் கொடுக்கவேண்டியதில்லை என்பது யாக்ஞவல்கியர் கூற்று.

ஸ்மிருதிகள் சொன்ன எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. இந்த ஓரிடத்தில் மட்டும் அவை இன்றைய கடன் ஆலோசகர் சொல்வதையே சொல்கின்றன. சிங்கப்பூர்ச் சட்டப்படியும், கணவன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு மனைவி பொறுப்பாளி அல்லள், அவள் பிணையாளியாகவோ கூட்டாகவோ கையெழுத்திட்டிருந்தாலன்றி. ஆகவே, நெருக்கடி நேரத்தில் வீட்டுப் பெண்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது: எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். "ஒரு கையெழுத்துத்தானே அக்கா, பேங்குக்காரன் விட்டுவிடுவான்" என்று கெஞ்சும் தம்பிக்கும் இது பொருந்தும்.

நளன் கதையில் தமயந்தி இதைத்தான் செய்தாள். புஷ்கரனோடு ஆடிக்கொண்டிருந்த கணவனைத் தன்னால் நிறுத்தமுடியாது என்று கண்டதும், எல்லாம் போகும் முன்பே தேர்ப்பாகன் வார்ஷ்ணேயனை அழைத்துக் குழந்தைகள் இருவரையும் தன் தந்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். தான் கணவனைக் கைவிடவில்லை. காட்டுக்கும் உடன் போனாள். ஆனால் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவிட்டாள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும், மகளுக்கென்று எடுத்துவைத்த நகையையும் தொடுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கடன் வளரும் விதம்

நம்மவர் பெரும்பாலோருக்குப் பழக்கம் 'நம்பர்' எழுதுவதில் தொடங்குகிறது. புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று குலுக்கல். கார் எண், வீட்டு எண், கனவில் கண்ட எண் என்று எழுதுவார்கள். கோயிலில் சாமி வந்து ஆடியவரிடம் எண் கேட்போரும் உண்டு என்பது வருத்தத்துக்குரியது. இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000. ஒருவரே அத்தனை எண்களையும் 'பிக்' என்னும் வகையில் ஆளுக்கு 1 வெள்ளியாக வாங்கினால் செலவு 10,000 வெள்ளி. பரிசு விழும் எண்கள் 23. முதற் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, அடுத்து 250 வெள்ளி வீதம் பத்து, 60 வெள்ளி வீதம் பத்து. கூட்டினால் 6,590 வெள்ளி. எல்லா எண்ணையும் வாங்கியவருக்கே 3,410 வெள்ளி நட்டம் என்றால், கனவில் வந்த ஓர் எண்ணுக்கு மட்டும் அம்மன் கணக்கை மாற்றி எழுதுவாளா?

வாரம் ஐந்து பத்து வெள்ளிக்கு எழுதி மறந்துவிடுவோரைப் பற்றி நான் பேசவில்லை. ஜாக்பாட் அறை, காற்பந்துப் பந்தயம், 2010ஆம் ஆண்டில் செந்தோசாவிலும் மரினா பேயிலும் திறக்கப்பட்ட சூதாட்டக் கூடங்கள், இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்ட கள்ளத்தனமான இணையச் சூது, இவற்றில் அகப்பட்டவருக்கு ஒரு சொல் இருக்கிறது: "விட்டதைப் பிடிக்கிறேன்." கடனுக்கு மூல காரணம் பெரும்பாலும் இந்தச் சொல்தான். முதலில் ஆடுவது ஆசைக்காக. 2,000 வெள்ளி போனபின் ஆடுவது அந்த 2,000 வெள்ளிக்காக. சூதாட்டக் கூடத்துக்குள் சிங்கப்பூரர் நுழைய ஒருநாள் கட்டணம் 100 வெள்ளியாக இருந்தது 2019இல் 150 ஆக உயர்த்தப்பட்டது. தடுப்பதற்காக வைத்த கட்டணம் அது. அந்த 150ஐ எடுத்துவிட்டுத்தான் எழுவேன் என்று உட்காருபவரையும் காண்கிறோம்.

கடன் வாங்கும் வரிசையும் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றே. முதலில் சேமிப்பு. பிறகு கடன் அட்டை. பிறகு மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். கேட்டால் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்பார். சீட்டுப் பணம், மைத்துனர், உடன் வேலை செய்பவர். அப்புறம் உரிமம் பெற்ற கடன்காரர். எல்லாக் கதவும் அடைபட்ட பின் ஆலோங். குடும்பத்துக்கு விஷயம் தெரியவருவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில், வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட காலையில்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 46, கையில் வரும் சம்பளம் 3,000 வெள்ளி. மனைவி பகுதிநேர வேலையில் 1,500 கொண்டுவருகிறார். பிள்ளைகள் இருவர். கடன் எவ்வளவு என்று கேட்டதற்குக் கணவர் முதலில் சொன்னது 15,000. மறுநாள் 25,000 என்றார். இது எல்லா வீட்டிலும் நடப்பது. வெட்கத்தில் பாதியைத்தான் சொல்வார்கள். மீதியை ஆடியே அடைத்துவிடலாம் என்னும் நினைப்பும் உள்ளே இருக்கும். மறைத்துவைத்த அந்த மீதிதான் அடுத்த ஆட்டத்தின் வித்து. ஆகவே பணம் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு காசு கொடுப்பதற்கும் முன்னால், முழுக் கணக்கும் ஒரு தாளில் வரவேண்டும்.

வாய்ச்சொல்லை நம்பவேண்டியதில்லை. சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையமான கிரெடிட் பீரோவிலிருந்து அவர் தம் பெயரிலுள்ள அறிக்கையைப் பெறலாம். வங்கிக் கடன்கள் அதில் வந்துவிடும். உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் வாங்கியதற்குத் தனியே ஓர் அறிக்கை உண்டு. அடகுச் சீட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உறவினர் கடனை அவரே தொலைபேசியில் கேட்டு எழுதட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

நம் குடும்பத்தின் தாளில் இப்படி வந்தது: மூன்று கடன் அட்டைகளில் 38,000 வெள்ளி, உரிமம் பெற்ற கடன்காரர் இருவரிடம் 6,000, அடகு 7,000, மைத்துனர் 5,000, உடன் வேலை செய்பவர்கள் 2,500, ஆலோங் 1,500. ஆக மொத்தம் 60,000.

மனைவிக்குத் தலை சுற்றும். உண்மையில் நிலைமை சீராகத் தொடங்குவது அந்த நிமிடத்திலிருந்துதான். 15,000 என்ற பொய்யை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. 60,000 என்ற உண்மையை வைத்துப் போடலாம்.

வீட்டுத் தவணை, மின்கட்டணம், சாப்பாடு, பிள்ளைகள் செலவு எல்லாம் போக மாதம் 700 வெள்ளி மிஞ்சுகிறது என்போம். கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு என்று கொண்டால், 38,000 வெள்ளிக்கு மாத வட்டியே 823 வெள்ளி ஆகிறது. 700ஐயும் அப்படியே கட்டினாலும் கடன் வளரும். அவர் சூதை அடியோடு விட்டுவிட்டாலும் வளரும். இந்த இடத்தில்தான் பலர் மனமுடைந்து மறுபடி ஆடப் போகிறார்கள். கட்டி மாளாது என்று அவர்களுக்குத் தோன்றுவதில் கணக்குப்படி நியாயமும் இருக்கிறது.

வழி, வட்டியைக் குறைப்பது. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்னும் அறநிறுவனம் இதற்கென்றே இயங்குகிறது. வரவு செலவை ஆராய்ந்து, வங்கிகளிடம் பேசி, குறைந்த வட்டியில் மாதத் தவணையாகக் கட்டும் கடன் நிர்வாகத் திட்டத்துக்கு வங்கிகள் இசைய உதவுகிறது. வட்டி 8 விழுக்காட்டுக்கு இறங்கியதாக வைத்துக்கொண்டால், அதே 38,000 வெள்ளி மாதம் 600 வெள்ளி வீதம் ஏழு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். ஏழு ஆண்டு நீண்ட காலம்தான். ஆனால் முடிவு உள்ள காலம். மாதாமாதம் தம் சம்பளத்திலிருந்து தாமே கட்டுகிற ஏழாண்டு, ஒருவரை மாற்றுவதற்கும் போதுமான காலம். பாஞ்சாலி கேட்ட தேரும் வில்லும் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

உரிமம் பெற்ற கடன்காரர்களிடம் தனியே பேசவேண்டும். 2015 அக்டோபர் முதல் அவர்கள் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. வட்டியும் தாமதக் கட்டணமும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து, கொடுத்த முதலுக்கு மேல் போகக் கூடாது. 6,000 வாங்கியவரிடம் 20,000 கேட்டால் அது சட்டத்துக்குப் புறம்பு. வீட்டுத் தவணையை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். அட்டைக் கடன்காரர் நாளுக்குப் பத்துமுறை தொலைபேசியில் மிரட்டுகிறார் என்பதற்காக அவருக்குக் கட்டிவிட்டு, சத்தம் போடாத வீட்டுத் தவணையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மைத்துனரின் 5,000? அவரை வீட்டுக்கு அழைத்து, தாளைக் காட்டி, மாதம் 50 வெள்ளிதான் இப்போதைக்கு முடியும் என்று கடன் வாங்கியவரே சொல்லவேண்டும். மனைவி சொல்லக் கூடாது.

வழியை அடைத்தல்

கணக்குத் தாள் ஒருபுறம் இருக்க, பணம் ஆட்டத்துக்குப் போகும் வழியை அடைக்காவிட்டால் எல்லாம் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றியதாகும். சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றம் 2005 முதல் செயல்படுகிறது. ஒருவர் தாமாகவே விண்ணப்பித்துச் சூதாட்டக் கூடங்களிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ளலாம். ஜாக்பாட் அறைகளுக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்குக்கும் அப்படியே செய்துகொள்ளலாம். அவர் மறுத்தால், மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய குடும்பத்தினர் குடும்பத் தடை உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். இதைக் காட்டிக்கொடுப்பது என்று நினைக்கும் மனைவிமார் இருக்கிறார்கள். ஓடும் பேருந்தின் கதவை மூடிவைப்பது காட்டிக்கொடுப்பதாகுமா? உரிமம் பெற்ற கடன்காரர்கள் தமக்குக் கடன் தரக்கூடாது என்று ஒருவர் தம்மையே விலக்கிப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு.

இவ்வளவும் செய்தாலும் ரொக்கம் கையில் இருந்தால் கதவு திறந்துதான் கிடக்கும். அதனால் சம்பளம் மனைவியோ நம்பிக்கையான உடன்பிறந்தவரோ பார்த்துக்கொள்ளும் கணக்குக்குப் போகவேண்டும். அவருக்கு வாரச் செலவுக்குச் சாப்பாடும் போக்குவரத்தும் மட்டும். அட்டைகளைக் கத்தரித்தால் போதாது, கணக்கையே மூடவேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கு வாரக்காசு கொடுப்பது அவமானம் என்று மாமியார் வருந்துவார். அந்த அவமானம் ஓரிரண்டு ஆண்டுக்கு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சூதுப் பழக்கம் ஒரு நோய் என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்டிருக்கிறது. திருவள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தது தற்செயலாகவும் இருக்கலாம், பொருத்தமாகவே இருக்கிறது. மனநலக் கழகத்தில் இதற்கென்று சிகிச்சைப் பிரிவு உண்டு. முதலில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை, குடும்பத்தாரும் அழைக்கலாம். நடுவில் ஒருமுறை தவறி விழுவார் என்பதையும் எதிர்பார்த்தே இருங்கள். அப்போது கேட்கவேண்டிய கேள்வி "ஏன் போனாய்?" என்பதைவிட "பணம் எந்த வழியாக வந்தது?" என்பதே பயன் தரும். அந்த வழியையும் அடைக்கலாம்.

கடன் மிகுந்து, உயிரை விட்டுவிடலாம் என்னும் பேச்சு வீட்டில் எழுந்தால், மிரட்டுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 1767 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் உண்டு.

ஆலோங்கும் நீதிமன்றமும்

மக்கள் அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்சவேண்டாததற்கு அஞ்சுகிறார்கள். நீதிமன்றத்துக்கு அஞ்சி ஆலோங்கிடம் போகிறவர்கள் எத்தனை பேர்!

ஆலோங் கொடுத்த கடனைச் சட்டத்தின் வழி வசூலிக்க அவனுக்கு உரிமையில்லை. கதவில் சாயம் ஊற்றினால், பூட்டுப் போட்டால், பிள்ளையின் பள்ளியைச் சொல்லி மிரட்டினால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் கடன்பட்டவரிடம் அவன் இன்னொன்றும் சொல்வான்: "காசு இல்லையா? எனக்கு வேலை செய். உன் வங்கி அட்டையைக் கொடு, நான்கு வீட்டுக்குப் போய்ச் சாயம் ஊற்று, கடனைக் கழித்துக்கொள்கிறேன்." இதற்கு இசைந்துவிட்டால் கடனாளி குற்றவாளியாகிறார். உரிமமின்றிக் கடன் கொடுப்பவருக்குத் துணைபோவோருக்கு, முதற் குற்றத்துக்கே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி என்று சட்டம் வைத்திருக்கிறது. சூதில் பணம் போயிற்று. இதில் பெயரும் போய்விடும்.

திவால் என்ற சொல்லைக் கேட்டதும் வீடு போய்விடும், மத்திய சேமநிதி போய்விடும் என்று நடுங்குகிறோம். சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் உரிமையாளராக உள்ள வீவக வீடு திவாலானவரின் கடன்காரர்களுக்குப் பங்கிடப்படுவதில்லை. வீட்டின்மேல் உள்ள தவணைக் கடன் வேறு. மத்திய சேமநிதிப் பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஒருவரைத் திவாலாக்க மனுச் செய்யக் கடன் 15,000 வெள்ளியாவது இருக்கவேண்டும். மனு வந்தாலும், கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாமல், நிலையான வருமானமும் இருந்தால், ஐந்து ஆண்டு வரை தவணையாகக் கட்டும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. திவாலாகியே தீரவேண்டி வந்தாலும், வெளிநாடு போக அனுமதி கேட்கவேண்டும், கணக்கு ஒப்புவிக்கவேண்டும், சில வேலைகள் கிடைக்கா, சிரமம்தான். திவாலிலிருந்து விடுபடாதவர் சூதாட்டக் கூடத்துக்குள் போகச் சட்டமே தடை விதித்திருக்கிறது. ஒருவகையில் அதுவும் ஓர் உபகாரம்.

கோயிலும் கடனும்

இம்மலரைப் படிப்பவர்களில் பலர் உபயதாரர்கள். ஆகையால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. "இந்த முறை விழுந்தால் ஒருநாள் அன்னதான உபயம் என்னுடையது" என்று வேண்டிக்கொள்வது நம்மிடையே உண்டு. விழுந்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து உண்டியலில் போடுவோரும் உண்டு. அம்மனைப் பந்தயத்தில் கூட்டாளி ஆக்குவது எந்த ஆகமத்தில் இருக்கிறதோ தெரியவில்லை; துச்சாதனன் இழுத்துவந்த சபைக்கே அவளை மறுபடி அழைப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

கடன்பட்டோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று. ஐந்து ஆண்டுக்கு முன் 501 வெள்ளி உபயம் நேர்ந்துகொண்டேன், இன்னும் செய்யவில்லை, அதனால்தான் இந்தக் கஷ்டமோ, கடன் வாங்கியாவது செய்துவிடட்டுமா என்பார்கள். வேண்டாம். குடும்பத்துக்குக் குறைவு வராதபடிதான் ஒருவன் தன் பொருளைத் தானம் செய்யலாம் என்பது யாக்ஞவல்கியர் விதி. தன்னைச் சேர்ந்தவர் துன்பத்தில் உழலும்போது பிறருக்கு வாரிக் கொடுப்பவனின் அறம் போலி அறம் என்று மனுவும் சொல்லியிருக்கிறார். நேர்த்திக்கடனை மறக்கவேண்டியதில்லை. இப்போது ஓர் அர்ச்சனைச் சீட்டோ ஒரு முழம் பூவோ போதும். மைத்துனரின் 5,000 தீர்ந்த பின் உபயத்துக்கு வரலாம். அதுவரை சனிக்கிழமைகளில் அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கலாம். அங்கே ஆள் எப்போதும் தேவைப்படுகிறது; குலுக்கல் நேரத்தில் கைக்கு வேலையும் கிடைக்கும்.

உதவ விரும்பும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். அத்தகையவர் உங்களிடம் வந்தால் ரொக்கம் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நேரே கட்டுங்கள். அரிசி, பால்மாவு வாங்கிக் கொடுங்கள். கடன் ஆலோசகரைப் பார்க்கப் போகும் நாளில் கூடவே போய் உட்காருங்கள். ஆலயக் குழுவில் அவர் வசூல் பொறுப்பில் இருந்தால், பலர் முன் அவமதிக்காமல் அமைதியாக அவரை வேறு பணிக்கு மாற்றுங்கள். குறைந்த தொகையை யாரும் கையிலிருந்து போட்டு மூடவேண்டாம், கணக்கில் எழுதி அவரே தவணையில் கட்டட்டும். திருவிழாப் பணிகளில் பணம் தொடாத வேலைகள் எவ்வளவோ இருக்கின்றன. தீமிதிக்கு முன் பூக்குழிக்குக் கட்டை அடுக்கவும், நடந்து வரும் அன்பர்களுக்கு வழியெங்கும் தண்ணீர் கொடுக்கவும் விடியும் வரை விழித்திருக்கும் ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள்.